எக்செல் கோப்பை யார் திறந்து காட்டுவது?

வணக்கம். பல நாட்டு விஞ்ஞானிகள் கூட்டு ஆராய்ச்சி என்று செய்தி வந்தால் மாநாட்டு மேடையும் கைகுலுக்கலும்தான் நம் கண்ணில் படும். சிஸ்டம்ஸ் பயாலஜி துறையில் அசல் வேலை வேறு இடத்தில் நடக்கிறது.

ஒரு செல்லுக்குள் நடப்பதை மொத்தமாகக் கணித மாதிரியாக்குவதுதான் இந்தத் துறையின் ஆசை. உயிரியலாளர் அளப்பார், கணிதம் தெரிந்தவர் மாதிரி கட்டுவார். கேட்க எளிதாக இருக்கிறது, இல்லையா? ஆனால் ஒரு நொதியின் வேகத்தை அளக்கிறவர், அது எந்த பி.எச். (அமில-காரத் தன்மை) அளவில் நன்றாக ஓடுமோ அதில் வைத்து அளப்பதுதான் வழக்கம். அவர் வேலைக்கு அது சரி, ஆனால் பத்து நொதிகளைப் பத்து விதமான கரைசலில் அளந்த எண்களை ஒரே கணித மாதிரிக்குள் போட்டால் கணக்கு எப்படி நிற்கும், செல்லுக்குள் அவை எல்லாம் ஒன்றாகத்தானே கிடக்கின்றன? அதனால்தான் 2010-இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் மற்ற ஆய்வகங்களோடு சேர்ந்து, ஈஸ்ட் நொதிகளை அளக்க ஒரு பொதுக் கரைசலை முன்வைத்தார்கள்: பி.எச். 6.8, பொட்டாசியம் 300 மில்லிமோலார். பார்க்கச் சாதாரண விஷயம்தான். ஆனால் எந்த ஒப்பந்தக் கையெழுத்தை விடவும் இது பெரிது என்பேன்.

அடுத்த தலைவலி, தரவைப் பகிர்வது. 2007-இல் ஐரோப்பாவில் தொடங்கிய சிஸ்மோ திட்டத்தில் ஜெர்மனி, பிரிட்டன் உட்பட ஆறு நாடுகள், நுண்ணுயிர்களைப் பற்றிய 11 ஆய்வுத் திட்டங்கள். ஆளுக்கொரு எக்செல் கோப்பு, ஆளுக்கொரு தலைப்பு வரிசை. கட்டுரை வெளிவரும் முன் எண்களை அடுத்தவருக்குக் காட்ட யாருக்கும் மனம் வராது, நியாயமான பயம்தான். பிரிட்டனின் மான்செஸ்டர், ஜெர்மனியின் ஹைடல்பர்க், தென்னாப்பிரிக்காவின் ஸ்டெல்லன்போஷ் ஆய்வுக் குழுக்கள் எல்லாம் சேர்ந்து இதற்கு சீக் என்ற தளத்தைக் கட்டின. எக்செலைத் தூக்கிப் போடுங்கள் என்று அவர்கள் சொல்லவில்லை. அதற்குள்ளேயே பொதுச் சொற்களைப் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்க வழி செய்தார்கள். யார் பார்க்கலாம், யார் இறக்கிக்கொள்ளலாம் என்பதைத் தரவுக்குச் சொந்தக்காரரே முடிவு செய்யலாம்.

எனக்குப் பிடித்தது இன்னொன்று. ஒவ்வொரு திட்டத்திலிருந்தும் சீக் குழுவோடு பேசத் தொடர்பாளர்களாக வந்தவர்கள் பெரும்பாலும் பேராசிரியர்கள் இல்லை, முனைவர் பட்ட மாணவர்களும் முதுமுனைவர் ஆய்வாளர்களும். கோப்பில் எந்த நெடுவரிசை ஏன் காலியாக இருக்கிறது என்பது அவர்களுக்குத்தானே தெரியும்! நம்மூரில் இப்படி ஒரு கூட்டுத் திட்டம் தொடங்கினால், முதல் கூட்டத்துக்கு இயக்குநர்களை விட்டுவிட்டு இவர்களைக் கூப்பிடுங்கள்.