பியூப்பிலேஜ் விண்ணப்பமும் அப்பாவின் கடையும்

வணக்கம் நேயர்களே. தைப்பொங்கல் நாட்களில் லண்டனில் சில வீடுகளில் ஒரு பிள்ளை மட்டும் அறையை விட்டு வெளியே வராது. சட்டம் படித்த பிள்ளை. பாரிஸ்டர், அதாவது நீதிமன்றில் வாதாடும் சட்டத்தரணி, ஆவதற்கான பயிற்சிக்கு, அதுதான் பியூப்பிலேஜுக்கு, விண்ணப்பம் எழுதிக்கொண்டிருக்கும். பாரிஸ்டர்களின் அமைப்பான பார் கவுன்சில் நடத்தும் ‘பியூப்பிலேஜ் கேட்வே’ இணையத்தளம் சனவரி தொடக்கத்தில் திறந்து பெப்ரவரி தொடக்கத்தில் மூடிவிடும். அதில் 20 சேம்பர்ஸ் வரை, அதாவது பாரிஸ்டர்கள் சேர்ந்து இயங்கும் அலுவலகங்கள் 20 வரை, விண்ணப்பிக்கலாம். அதில் சேராத சேம்பர்ஸும் உண்டு. அவற்றின் திகதிகளைத் தனியாகக் குறித்து வையுங்கோ.

பெற்றோர் என்னிடம் முதலில் கேட்பது, “இதுக்கு எவ்வளவு கட்டவேணும்?” ஒன்றும் கட்டவேண்டாம். 2003 முதல் சேம்பர்ஸ்தான் பிள்ளைக்குப் பணம் கொடுக்கவேண்டும். பயிற்சி வழமையாக 12 மாதம். முதல் ஆறு மாதம் மூத்த பாரிஸ்டரோடு கூடத் திரிந்து பழகுவது. அடுத்த ஆறு மாதம் தானே நீதிமன்றில் எழுந்து வாதாடலாம். காசை விழுங்குவது அதற்கு முந்திய பார் கோர்ஸ், பாரிஸ்டர் ஆவதற்கான படிப்புத்தான். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

தெரிந்த பிள்ளைகளின் விண்ணப்பங்களை வாசித்துப் பார்த்துக் கொடுப்பது எனக்கு ஒரு பழக்கம். அப்படி வந்த ஒரு தம்பி. முதல் பந்தியில் ‘சிறந்த பேச்சாற்றல்’, அடுத்ததில் ‘சட்டத்தில் தீராத ஆர்வம்’. அடியில், வெட்கப்பட்டு எழுதினதுபோல ஒரு வரி: குடும்பக் கடையில் பகுதிநேர வேலை.

“கடையில என்ன செய்தனீர்?” என்று கேட்டேன். “சும்மா, கல்லாவில நிண்டனான் அண்ணை.” விடாமல் கேட்கக் கேட்கத்தான் வந்தது. அப்பா இரவு இரண்டு மணிவரை மதுபானம் விற்க அனுமதி கேட்டிருக்கிறார். அயலவர்கள் எழுத்தில் எதிர்த்தார்கள். விஷயம் உள்ளூர் கவுன்சிலின் லைசென்சிங் (அனுமதிப்பத்திர) விசாரணைக்குப் போனது. அங்கே சட்டத்தரணிதான் பேசவேண்டும் என்றில்லை, யாரும் பேசலாம். “நீ கதை” என்று அப்பா இவரைத் தள்ளிவிட்டார். தம்பி முதலில் பொலிஸின் லைசென்சிங் அதிகாரியோடு பேசி, கமராவுக்கும் தனிக் கான் பியர் விற்காததற்கும் சம்மதித்தார். விசாரணையில் கடையின் மறுப்புப் புத்தகத்தை விரித்தார்: எந்தத் திகதி, எத்தனை மணி, யாருக்கு விற்க மறுத்தோம் என்று. பிறகு, யாரும் கேட்கமுதலே, “நள்ளிரவு போதும்” என்று தானாக இறங்கினார். நள்ளிரவு கிடைத்தது.

நேயர்களே, வாதாடுவது இதுதானே! எதிராளி யார், எதை விட்டுக்கொடுக்கலாம், எந்த ஆதாரத்தை எப்போது எடுப்பது, எல்லாம் அதில் இருக்கிறது. இதை விட்டுவிட்டு ‘பேச்சாற்றல்’ என்று எழுதினால் யார் நம்புவார்கள்? திரும்பவும் சொல்கிறேன்: உங்களுக்கு என்ன குணம் இருக்கிறது என்று எழுதாதையுங்கோ, என்ன செய்தீர்கள் என்று எழுதுங்கோ. அம்மாவுக்காக வீட்டுப் பிரச்சினையில் கவுன்சிலோடு மல்லுக்கட்டின பிள்ளைகள் எத்தனை பேர்! அதெல்லாம் வீட்டு வேலை என்று மறைக்கிறார்கள். விண்ணப்பத்தில் கோல்ஃப் மட்டும் இருக்கும். விளையாடவே தெரியாது!

‘ஏன் எங்கள் சேம்பர்ஸ்?’ என்ற கேள்விக்கு எழுதின பதிலில் பெயரை மட்டும் மாற்றிப் பாருங்கோ. அடுத்த சேம்பர்ஸுக்கும் அது பொருந்தினால் அழித்துவிடுங்கோ. மினி பியூப்பிலேஜ், அதாவது சேம்பர்ஸில் சில நாள் கூட இருந்து பார்ப்பது, போயிருந்தால், ‘பார்த்தேன், வியந்தேன்’ வேண்டாம். அந்த வாதத்தில் நீங்கள் எதை வேறுவிதமாகச் சொல்லியிருப்பீர்கள் என்று, கட்சிக்காரரின் அந்தரங்கம் வெளியே வராமல், எழுதுங்கோ.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கை காட்டுகிறார்கள். நேர்முகத்தேர்வு பற்றிப் பேச நேரமில்லை. பார் கோர்ஸ் பணம்: லிங்கன்ஸ் இன், இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள், கிரேஸ் இன் என்ற பாரிஸ்டர்களின் சங்கங்கள் நான்கும் உதவித்தொகை தருகின்றன. ஒன்றுக்குத்தான் விண்ணப்பிக்கலாம். முடிவுத் திகதி கோர்ஸ் தொடங்குவதற்கு முந்திய வருடம் நவம்பர் தொடக்கத்திலேயே வந்துவிடும், பியூப்பிலேஜ் விண்ணப்பத்துக்கும் முதல். நன்றி, வணக்கம்.