கிரீஸ் நிப்பிள் எங்கே போனது? பாலக்கோட்டுத் தம்பியின் சந்தேகம்

வணக்கம். இந்த வாரம் வந்த கேள்விகளில் ஒன்றைப் படித்ததும் எனக்கு ஒரே குஷி. பாலக்கோட்டிலிருந்து ஒரு தம்பி எழுதியிருக்கிறார்: “அண்ணா, எங்கப்பா அம்பாசிடர் வைத்திருந்தபோது ஒவ்வொரு வாட்டர் சர்வீஸுக்கும் கிரீஸ் அடிப்பார்கள். என்னுடையது 2017 மாடல் சின்னக் கார். வேகத்தடை ஏறி இறங்கினால் முன்பக்கம் கிரீச் என்கிறது. கிரீஸ் அடிக்கச் சொன்னால், அடிக்க இடமே இல்லை என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?”

இல்லை தம்பி, உண்மையிலேயே இடம் இல்லை. ஏன் இல்லை என்பதில்தான் விஷயம்.

அம்பாசிடரில் முன்சக்கரம் இடம் வலமாகத் திரும்ப அச்சாக இருக்கும் எஃகு ‘பின்’, ஜீப்பில் பட்டை ஸ்பிரிங் தொங்கும் ஷாக்கிள் என்ற இணைப்பு, இதெல்லாம் உலோகத்தோடு உலோகம் உரசும் இடங்கள். நடுவே கிரீஸ் இல்லாவிட்டால் தேய்ந்துபோகும். போட்ட கிரீஸும் ஓட ஓட வழிந்துவிடும், மழைத்தண்ணீர் உள்ளே இறங்கும். அதனால்தான் அந்தக் காலத்து வண்டிகளுக்கு 1,000 மைல், 1,500 கிலோமீட்டர் என்று கிரீஸ் கணக்கு வைத்திருந்தார்கள்.

தர்மபுரியில் நான் வேலை பழகிய பட்டறையில் ஒரு பெரியவர் இருந்தார். நிப்பிளை, அதாவது கிரீஸ் உள்ளே போகும் குட்டி முனையை, பனியன் வேஸ்ட்டால் துடைக்காமல் கிரீஸ் கன்னை வைக்கவே விடமாட்டார். துடைக்காமல் அடித்தால் மண்ணும் சேர்ந்து உள்ளே போகும் அல்லவா? அப்புறம் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைத் தூக்குவார். வண்டியின் பாரம் பின்னின் ஒரு பக்கத்தை அழுத்திக்கொண்டிருந்தால், அந்தப் பக்கம் கிரீஸ் நுழையாது. பாரத்தை எடுத்துவிட்டு அடித்தால் முதலில் கறுப்பாக, மணல் கலந்தது பிதுங்கும். புது கிரீஸின் நிறம் எட்டிப் பார்க்கிறவரை கையை எடுக்க மாட்டார். நிப்பிளுக்குள் இருக்கும் குட்டி எஃகுக் குண்டு இறுகிப்போனால், கழற்றி மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுவிட்டு டீ குடிக்கப் போவார். அந்த டீக்கடையில் நடந்த கதைகளைச் சொன்னால் இன்றைக்கு வீடியோ முடியாது, விடுங்கள்.

அவரிடம் நான் கற்றது ஒன்றுதான். பழைய வீடியோக்களில் நூறு தடவை கேட்டிருப்பீர்கள், இன்னொரு தடவை கேளுங்கள்: கிரீஸ் அடிப்பதில் பாதி வேலை, உள்ளே போன அழுக்கை வெளியே தள்ளுவது.

சரி, அழுக்கு உள்ளேயே வராமல் செய்துவிட்டால்? அதைத்தான் இப்போதைய கார்களில் செய்திருக்கிறார்கள். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபோது நம் பட்டறைக்காரர்கள் கீழே படுத்து நிப்பிளைத் தேடியிருப்பார்கள். சக்கரத்தைத் தாங்கித் திரும்ப விடும் பால் ஜாயிண்ட்டில் பளபளவென்று தீட்டிய எஃகுக் குண்டு, அது உட்காரப் பிளாஸ்டிக் கிண்ணம். தயாரிக்கும்போதே கிரீஸ் வைத்து, மேலே ரப்பர் பூட் மாட்டிவிடுவார்கள். சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் கீழ்க்கை லோயர் ஆர்ம், அது வண்டியோடு சேரும் இடத்து ரப்பர் உருளைதான் புஷ். அது இன்னும் வேறு கதை. அங்கே உரசலே கிடையாது. இரும்புக் குழாயோடு ஒட்டிய ரப்பர் முறுகிக் கொடுத்துத் திரும்புகிறது. உரசாத இடத்தில் கிரீஸுக்கு என்ன வேலை?

நஷ்டமும் உண்டு. பழைய பின் தேய்ந்தால் லேத் பட்டறையில் புது உலோக புஷ் அடித்து, ரீமர் விட்டு துளையை அளவாக்கி மறுபடி ஓட்டலாம். இன்றைய பால் ஜாயிண்ட் ஆடினால் தூக்கிப் போட வேண்டியதுதான். சில கார்களில் லோயர் ஆர்மோடு சேர்த்து. எனக்கு அதில் வருத்தம்தான். ஆனால் கிரீஸ் கன் பக்கமே போகாமல் பின் இறுகி, ஸ்டியரிங் திருப்பத் திணறிய பிரீமியர் பத்மினி கார்களையும் பார்த்திருக்கிறேன். கவனிக்காத சொந்தக்காரருக்கு மூடிய ஜாயிண்ட்தான் நல்லது.

தம்பி, நீங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வி வேறு: “பூட் கிழிந்திருக்கிறதா?” சர்வீஸில் வண்டியை மேலே தூக்கும்போது நீங்களே டார்ச் அடித்துப் பாருங்கள். பூட்டில் நகக்கண் அளவு வெடிப்பு போதும். நம் கிருஷ்ணகிரி பக்கம் கிரானைட் தூள் பறக்கிற ரோட்டில் ஓடினால், அந்தத் தூளும் கிரீஸும் கலந்து வால்வு தேய்க்கிற பேஸ்ட் மாதிரி ஆகிவிடும். அப்புறம் குண்டு தேய்ந்து ஆட்டம் கொடுக்கும். ஜாயிண்ட் ஒரேயடியாகக் கழன்றால் சக்கரம் மடங்கிவிடும். தொப்பூர் இறக்கத்தில் அது நடந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கடையில் வாங்கும் சில ஜாயிண்ட்களில் நிப்பிள் இருக்கும். அதற்குக் கை கன்னால் மெதுவாக, பூட் லேசாக உப்புகிற வரை போதும். காற்று கன்னை வைத்து அழுத்தினால் பூட்டே பிய்ந்துவிடும்.

இன்னொன்று, அடிப்பக்கம் முழுக்க ஆயில் ஸ்பிரே அடிக்கிற பழக்கம். ஐயா, வேண்டாம்! பெட்ரோலிய எண்ணெய் பட்டால் புஷ் ரப்பர் ஊதி இளகிவிடும். இரண்டு நாள் சத்தம் வராது, அப்புறம் புஷ்ஷே இருக்காது.

புது புஷ் போட்டும் சீக்கிரம் கிழிகிறது என்கிறவர்கள், போல்ட்டை எப்படி முறுக்கினார்கள் என்று பாருங்கள். சக்கரம் தொங்கும்போது இறுக்கினால், வண்டியைக் கீழே இறக்கியதும் ரப்பர் முறுகியபடியே நிற்கும். கடைசி முறுக்கு, பாரம் சக்கரத்தின் மேல் இருக்கும்போதுதான்.

உங்கள் சத்தத்துக்கு வருகிறேன். ஒருவரை பானெட்டைப் பிடித்து அமுக்கி அமுக்கி விடச் சொல்லுங்கள். நீங்கள் ஒவ்வொரு புஷ்ஷாக சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். எதில் தெளித்ததும் சத்தம் மாறுகிறதோ, அங்கேதான் கோளாறு. அது எந்த இடம் என்று கீழே எழுதுங்கள். அடுத்தது அஞ்செட்டியிலிருந்து, தக்காளி ஏற்றும் பிக்கப்பின் வீல் பேரிங் பற்றி. அதில் கிரீஸ் வேலை நிறையவே இருக்கிறது.