வழுவழுப்பும் மழமழப்பும்

வணக்கம் நேயர்களே.

பல வருடமாகப் பிள்ளைகளுக்கு மொழிபெயர்ப்புச் சொல்லிக் கொடுக்கிறேன். அண்மையில் ஒரு பிள்ளையின் கொப்பியில் ‘மென்மையான வீதி’ என்று இருந்தது. ஆங்கிலத்தில் இருந்த சொல் ‘ஸ்மூத்’. “பிள்ளை, பஞ்சுதான் மென்மை. தார் றோட்டு மென்மையாக இருந்தால் கால் புதைந்து போகுமே” என்றேன். “அப்ப என்ன எழுதுறது சேர்?” என்று கேட்டாள். எனக்கும் உடனே வாயில் வரவில்லை.

நாங்களும் நாள் முழுக்கச் சொல்கிற சொல்தான் இது. மோட்டார் சைக்கிள் ஸ்மூத்தாக ஓடுது, கலியாண வேலை ஸ்மூத்தாகப் போகுது, ஆள் ஸ்மூத்தாகக் கதைக்கிறார். ஆங்கிலத்துக்கு இவையெல்லாம் தொடுகையில் இருந்து வந்தவை: கை எதிலும் தடக்கவில்லை, அவ்வளவுதான். தமிழ் அப்படி ஒரே வழியில் போகவில்லை. பேச்சுவார்த்தை சுமுகமாக நடந்தது என்கிறோம். சுமுகம் என்றால் நல்ல முகம். இனிக்க இனிக்கக் கதைப்பவரைத் தேனொழுகக் கதைக்கிறார் என்போம். அது நாக்கில் பிறந்த சொல்.

சரி, தொடுகைக்கே வருவோம். சீவுளி போட்டு அரத்தாளால் தேய்த்த வேப்பம் பலகை மழமழப்பு. பாசி பிடித்த கிணற்றடிக் கல் வழுவழுப்பு. இரண்டிலும் கை தடக்காது, ஆனால் ஒன்று காய்ந்தது, மற்றது ஈரம். வழுக்குவதற்கு ஆங்கிலத்திலும் வேறு சொல் உண்டுதான். ‘ஸ்மூத்’ என்று மட்டும் சொன்னால் இந்த ஈரம் தெரியாது. வழுவழுப்பு என்று சொன்னால், அந்தக் கல்லில் காலை வைக்கமுதலே கவனமாகிவிடுவோம். இலக்கணத்தில் பிழைக்குப் பெயரும் வழு. வழுக்குவது, வழுவுவது, இளநீர் வழுக்கை எல்லாம் அந்தச் சொல்லின் உறவுகள். யாழ்ப்பாணத்தில் மழைக்காலத்தில் மட்டும் ஓடி அராலிப் பக்கம் கடல்நீரேரியில் சேரும் எங்கள் ஆற்றுக்கும் வழுக்கையாறு என்றுதானே பெயர்.

உயர்தர வகுப்பில் இணைந்த கணிதம் படித்தவர்களுக்கு ‘ஸ்மூத்’துக்கு இன்னொரு சொல் தெரியும்: ‘ஒப்பமான கிடை மேசை’. ஒப்பம் என்று கண்டால் உராய்வு பூச்சியம் என்று எடுத்துக்கொண்டு கணக்கைச் செய்யவேண்டும். மேசை பளபளக்கிறதா என்பது அங்கே கேள்வியே இல்லை. விஞ்ஞானப் புத்தகத்தில் வரும் மழமழப்பான தசையும் யாரோ தடவிப் பார்த்து வைத்த பெயர் அல்ல. குடல் சுவரில் இருக்கும் அந்தத் தசையை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் குறுக்கு வரிகள் தெரியாது, அதனால்தான் அந்தப் பெயர்.

மழமழப்பு எப்போதும் பாராட்டு என்றும் நினைக்க வேண்டாம். சின்ன வயதில், அம்மம்மா சம்பலுக்குச் செத்தல் மிளகாயை அம்மியில் வைத்துக் குழவியை இழுப்பார். மிளகாய் அரைபடாமல் முன்னும் பின்னும் சறுக்கும். “அம்மி மழமழத்துப் போச்சு, கொத்த வேணும்” என்பார். கொத்துகிறவர் வந்து உளியால் சின்னச் சின்னப் புள்ளியாகக் கொத்திக்கொண்டு போவார். கல் பொடி அவருடைய கண் இமையில் வெள்ளையாகப் படியும். பிறகு அம்மம்மா ஒரு பிடி அரிசியை அரைத்து, கல் மணலோடு கழுவி ஊற்றுவார். அன்றைக்குச் சம்பல் அரைபடும் சத்தமே வேறு.

டயருக்கும் இதே கதைதான். கார்ப் பந்தயத்தில் காய்ந்த ஓடுபாதைக்குக் கோடே இல்லாத டயர் போடுவார்கள்; றப்பர் கூடுதலாகத் தரையில் படுவதால் பிடி கூடும். மழை வந்தால் உடனே மாற்ற வேண்டும், தண்ணீர் வெளியேறக் கோடு தேவை. தேய்ந்து மொட்டையான டயரோடு மாரியில் ஓடுபவர்கள் தயவுசெய்து இதைக் கேளுங்கள்.

அந்தப் பிள்ளை அடுத்த கிழமை கொப்பியோடு வந்தாள். ‘மென்மையான’ வெட்டப்பட்டிருந்தது. மேலே ‘குண்டு குழி இல்லாத வீதி’ என்று எழுதியிருந்தாள். சரி போட்டுக் கொடுத்தேன்.

நன்றி, வணக்கம்.