ஒரே அட்டையில் இரண்டு மருந்து

நேயர்களுக்கு வணக்கம். கருத்தரிப்பையும் எச்.ஐ.வி. தொற்றையும் ஒருசேரத் தடுக்கும் வேலையை ஆணுறை காலங்காலமாகச் செய்துவருகிறது. ஆனால் அதற்குத் துணைவரின் சம்மதம் வேண்டும். போதாக்குறைக்கு, ஆணுறையை மட்டும் நம்பியிருக்கும் 100 பெண்களில் ஏறத்தாழ 13 பேர் ஓராண்டுக்குள் கருத்தரிக்கிறார்கள். யாரையும் கேட்காமல் பெண் தானே விழுங்கக்கூடிய கூட்டு மாத்திரை உருவானது இதனால்தான்.

அட்டைக்கு 28 மாத்திரைகள். முதல் 21-இல் டெனோஃபோவிர், எம்ட்ரிசிடாபின் என்ற எச்.ஐ.வி. தடுப்பு மருந்துகளோடு கருத்தடை ஹார்மோன்களும் உண்டு. கடைசி 7-இல் தடுப்பு மருந்து மட்டும்தான். செவிலியர்கள் முதலில் விரல் வைப்பது இந்த ஏழில். சாதாரணக் கருத்தடை அட்டையில் மாதவிடாய் வாரத்து மாத்திரைகளில் ஹார்மோன் கிடையாது, விட்டாலும் பாதகமில்லை. அந்தப் பழக்கத்தில் இதையும் விட்டால் கருத்தடைக்குப் பாதகமில்லை, எச்.ஐ.வி. பாதுகாப்போ குறைந்துவிடும். நிறத்தை மாற்றி வைத்தால் மட்டும் போதாது. அட்டையைப் பிரித்து, அந்த ஏழையும் தொட்டுக் காட்டியே கொடுக்க வேண்டும்.

தொடங்கும் நாளில் எச்.ஐ.வி. பரிசோதனை, இரத்த அழுத்தம், சிறுநீரகச் செயல்பாடு மூன்றையும் பார்க்க வேண்டும். தடுப்பு மருந்து உடலில் போதிய அளவு சேரக் குறைந்தது 7 நாள் ஆகும். சில வழிகாட்டல்கள் 21 நாள் என்கின்றன. அதுவரை உறையும் கூடவே வேண்டும். கிரந்தி, வெட்டை போன்ற பால்வினை நோய்களை இந்த மாத்திரை தடுக்காது என்பதால் அதற்குப் பிறகும் உறைக்கு வேலை உண்டு.

மருத்துவப் பணியாளர்களுக்கு உண்மையான தலைவலி, நிறுத்துவதில்தான். முதல் மாதம் குமட்டுகிறது என்று ஒரு பெண் வந்தால், காரணம் எந்த மருந்து? இரண்டுமே குமட்டும். தனித்தனி மாத்திரையாக இருந்தால் ஒன்றை மாற்றிப் பார்க்கலாம். இரத்த அழுத்தம் 140/90-ஐ எட்டியவர், பார்வைக் கோளாறோடு ஒற்றைத் தலைவலி வருபவர், 35 வயதைத் தாண்டிப் புகைப்பவர், குழந்தை பெற்று ஆறு வாரம்கூட ஆகாமல் பாலூட்டுபவர் ஆகியோருக்கு இந்த மாத்திரையின் கருத்தடை ஹார்மோன்களில் ஒன்றான ஈஸ்ட்ரோஜன் ஆகாது. அதற்காக எச்.ஐ.வி. தடுப்பையும் கைவிடச் சொல்ல முடியுமா? தனி மாத்திரை கையிருப்பில் இல்லாத மருத்துவமனையில் இதுவே நடந்துவிடும்.

குழந்தை வேண்டும் என்று வருபவரிடம் ‘சரி, நிறுத்துங்கள்’ என்று சொல்லி அனுப்புவது பெரிய தவறு. கர்ப்ப காலத்திலும் பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்களிலும் எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு கூடுதல். அன்றே தடுப்பு மாத்திரையைத் தனியாகக் கையில் கொடுக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்யும் பரிசோதனையில் தொற்று தெரிந்தால் நிலைமை நேரெதிர். இரண்டு மருந்து மட்டும் முழுச் சிகிச்சையாகாது. தொடர்ந்தால் வைரஸ் அவற்றுக்குப் பழகி எதிர்ப்பு பெற்றுவிடும். சிகிச்சையைத் தொடங்கும் அதே நாளில் வேறு கருத்தடையும் தர வேண்டும். சிகிச்சையில் எஃபவிரென்ஸ் என்ற எச்.ஐ.வி. மருந்து இருந்தால் தோலடிக் கருத்தடைக் குச்சியின் பலன் குறையும். டோலுடெக்ராவிரில் அந்தச் சிக்கல் இல்லை.

தடுப்பு மாத்திரை டப்பாவை வீட்டில் யாராவது பார்த்தால் ‘இவளுக்கு எச்.ஐ.வி.’ என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். கருத்தடை அட்டையாகத் தெரிவது அந்தப் பேச்சிலிருந்து காக்கும். ஆனால் ‘ஆபத்தில் இருப்பவர்களுக்கு மட்டும்’ என்று பணியாளர்களே பொறுக்கியெடுத்துக் கொடுத்தால் இந்த அட்டைக்கும் அதே பெயர்தான் வரும். கருத்தடை கேட்டு வரும் எல்லோரிடமும் சொல்வதே சரி.

ஊசி விரும்புகிறவர்களுக்கு நாள் கணக்கு முக்கியம். கருத்தடை ஊசி 13 வாரத்துக்கு ஒன்று. எச்.ஐ.வி. தடுப்பு ஊசியான கபோடெக்ராவிர், ஒரு மாத இடைவெளியில் போடும் முதல் இரண்டு ஊசிகளுக்குப் பின் 8 வாரத்துக்கு ஒன்று. இரண்டும் பெரும்பாலும் ஒரே நாளில் விழாது. அலைச்சலில் ஏதாவது ஒன்று தவறும். இன்னொரு எச்.ஐ.வி. தடுப்பு ஊசியான லெனகபாவிர் 26 வாரத்துக்கு ஒருமுறை. ஒரே நாளில் தொடங்கினால், ஒவ்வொரு இரண்டாவது கருத்தடை ஊசியும் அதன் முறையோடு சேர்ந்துவரும். அடுத்த தேதியைக் குறிக்கும்போது இரண்டையும் ஒரே சீட்டில் எழுதிக் கொடுங்கள்.