நிரபராதியாக நடிக்கத் தெரிந்தவர்கள்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

உளவியல் குற்றப் படங்களில் நடிப்பு என்றதும் நம்மில் பலருக்கு உருட்டிய கண்களும் கோணல் சிரிப்பும்தான் நினைவுக்கு வருகின்றன. இன்று அவற்றைப் பற்றி நான் பேசப்போவதில்லை. கண்ணை உருட்ட யாராலும் முடியும். விளக்கைக் கொஞ்சம் கீழே இறக்கி வைத்து, பின்னணியில் வயலினை இழுத்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். மீதிப் பாதிக்கு விருதும் கிடைத்துவிடுகிறது. அது வேறு கதை.

கொலை செய்துவிட்டு ஊருக்குள் நடமாடுகிறவன் நாள் முழுவதும் என்ன செய்கிறான்? ஒன்றும் அறியாதவனாக நடித்துக்கொண்டிருக்கிறான். ஆகவே அந்த வேடத்தை ஏற்கும் நடிகர், நடிக்கிற ஒருவனை நடிக்க வேண்டியிருக்கிறது. எதிரில் நிற்கும் பாத்திரம் நம்ப வேண்டும். திரைக்கு முன்னால் இருக்கும் நமக்கோ லேசாக உறுத்த வேண்டும். முழுவதும் மறைத்தால் நமக்குப் படம் இல்லை. கொஞ்சம் கூடுதலாகக் கசியவிட்டால், இதைக் கூடக் கண்டுபிடிக்காத போலீஸ்காரர்கள் மடையர்களாகத் தெரிவார்கள்.

1960இல் வந்த ஹிட்ச்காக்கின் 'சைக்கோ'வை எடுத்துக்கொள்ளுங்கள். மழையில் நனைந்து வந்த பெண்ணுக்கு அறை கொடுக்க வேண்டும். விடுதி நடத்தும் இளைஞனாக வரும் அந்தோணி பெர்கின்ஸின் கை சாவிப் பலகையை நோக்கிப் போகிறது, ஒரு கணம் தயங்குகிறது, பிறகு முதல் எண் அறையின் சாவியை எடுக்கிறது. அறையைச் சுற்றிக் காட்டும்போது 'குளியலறை' என்ற சொல் அவர் வாயில் வர மறுக்கிறது. அந்தப் பெண்ணே எடுத்துக் கொடுக்கிறார். முதல் முறை பார்க்கிறவருக்கு இது ஒரு கூச்ச சுபாவமுள்ள இளைஞனின் தடுமாற்றம். அந்தக் குளியலறையில்தான் அவன் அவளைக் கொல்லப்போகிறான் என்று தெரிந்து மறுபடி பார்க்கிறவருக்கு வயிற்றைக் கலக்கும். நடிப்பு இரண்டு முறையும் அதேதான். இரண்டு பார்வைக்கும் பொருந்தும்படி ஒரு தயக்கத்தை நடித்துவைத்ததுதான் அந்த மனிதரின் சாதனை. குளியலறைக் கொலையைப் பற்றி ஊரே பேசுகிறது. அந்தக் காட்சி படமாக்கப்பட்டபோது பெர்கின்ஸ் படப்பிடிப்புத் தளத்திலேயே இல்லை!

1996இல் 'பிரைமல் ஃபியர்' படத்தில் எட்வர்ட் நார்ட்டன் இதையே இன்னும் ஒரு படி மேலே கொண்டுபோனார். அதுதான் அவருடைய முதல் படம். அதற்கே ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. கொலை வழக்கில் சிக்கிய, திக்கிப் பேசும் அப்பாவிப் பையன், அவனுக்குள் ஒளிந்திருக்கும் முரடன் என்று இரண்டு முகங்களை நமக்குக் காட்டி, கடைசியில் ஒரே ஒரு வாக்கியத்தில் எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுகிறார். நீதிமன்றத்தில் அந்த முரடன் பிடித்து நெரித்த அரசுத் தரப்பு வழக்கறிஞரின் கழுத்து சரியாகியிருக்கும் என்று நம்புவதாக அவன் சொல்கிறான். முரடன் செய்தது எதுவும் நினைவில்லை என்று சொன்னவனுக்கு அந்தக் கழுத்து எப்படி நினைவிருக்கிறது? அவனுக்காக வாதாடும் வழக்கறிஞராக வரும் ரிச்சர்ட் கியர் திரும்பிப் பார்ப்பதற்குள் நமக்கு உறைத்துவிடுகிறது.

'தி சைலன்ஸ் ஆஃப் த லாம்ப்ஸ்' எங்கே என்று கேட்பீர்கள். அதில் அந்தோணி ஹாப்கின்ஸ் ஏற்ற கொலைகாரன் வேடம் எதையும் மறைப்பதில்லை. தான் யார் என்று தெரிந்தே கூண்டுக்குள் நிமிர்ந்து நிற்கிறது. அந்தப் படத்தில் மறைக்கும் வேலை முழுவதும் ஜோடி ஃபாஸ்டரின் தலையில் விழுகிறது. அவருடைய மலிவான காலணியையும் ஊர்ப் பேச்சையும் கூண்டுக்குள் இருப்பவர் கூறுபோடும்போது, பயிற்சி முடிக்காத ஒரு பெண் அதிகாரியின் முகம் அவமானத்தை விழுங்குவதைப் பாருங்கள். 1992 ஆஸ்கர் விழாவில் இருவருக்குமே விருது கொடுத்தார்கள். சரியான கணக்கு.

தமிழில் 'சிகப்பு ரோஜாக்க'ளின் கமல்ஹாசனையும், 'மூடுபனி'யில் குரலை உயர்த்தாமலே நம்மை நடுங்கவைத்த பிரதாப் போத்தனையும் மறக்க முடியாது. ஆனாலும் எனக்கு முதலிடம் 1964இல் வந்த 'புதிய பறவை'க்குத்தான். முடிவைச் சொல்லப்போகிறேன். இத்தனை ஆண்டுகளில் பார்க்காதவர்கள் என்னைக் கோபித்துக்கொள்ளக் கூடாது.

சிவாஜி கணேசன் ஏற்ற கோபால், தன் மனைவி சித்ரா இறந்துவிட்டாள் என்கிறான். அவன் மறுமணத்துக்கு ஆயத்தமாகும் வேளையில், நான்தான் சித்ரா என்று ஒருத்தி வந்து நிற்கிறாள். இவள் என் மனைவி இல்லை என்று அவன் கத்துகிறான், கெஞ்சுகிறான், சான்று தேடி ஓடுகிறான். அவன் சொல்வது அத்தனையும் உண்மை! அந்த உண்மை அவனுக்கு இவ்வளவு உறுதியாகத் தெரிந்திருப்பதற்குக் காரணம்தான் அவனுடைய குற்றம். உண்மையைச் சொல்லியே உண்மையை மறைக்கும் மனிதன். இப்படியொரு வேடத்தை எந்த நடிகருக்கும் சுலபத்தில் எழுதிவிட முடியாது.

சிவாஜியின் நடிப்பு மிகை என்பவர்கள் இந்தப் படத்தை ஒரு முறை நிதானமாகப் பார்க்கலாம். பதறும் விரல்களும் உடைந்து எழும் குரலும் இங்கே மிகையாகத் தோன்றாததற்குக் காரணம் கோபாலே மிகைப்படுத்துகிறவன். மடியில் கனம் உள்ளவன் அவன். தன்னை நம்பவைப்பதற்காகத் தேவைக்கு மேல் இரண்டு மடங்கு பேசுகிறான். அந்தக் கூடுதல் பேச்சில்தான் நமக்குச் சந்தேகம் தட்டுகிறது.

சௌகார் ஜானகியைப் பற்றி நாம் போதுமான அளவு பேசியதே இல்லை. சித்ராவும் அவர்தான், சித்ராவாக நடிக்க வந்தவளும் அவர்தான். இரண்டாமவள் முதலாமவளைப் போலவே இருக்க வேண்டும். கோபாலுக்கு மட்டும் வேறொருத்தியாகத் தெரிய வேண்டும். அழுகை வேடங்களிலேயே அதிகம் பார்த்துப் பழகிய ஒருவர், இதில் கண்ணீரைத் தள்ளிவைத்துவிட்டு, மனைவிக்குரிய உரிமையோடு அந்த வீட்டுக்குள் சாவகாசமாக நடந்து திரிகிறார். சிவாஜியை அச்சுறுத்த அந்த நடையே போதுமானதாக இருக்கிறது.

கடைசியில் கோபால் தாங்க முடியாமல் எல்லாவற்றையும் கொட்டித் தீர்க்கிறான். சுற்றி நிற்பவர்கள் எல்லாம் வலை விரித்தவர்கள் என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிகிறது. அவன் காதலித்த லதாவும் துப்பறிய வந்தவள். அவளும் அவனை உண்மையாகவே நேசித்துவிட்டவள். அந்தக் காட்சியில் எல்லோருடைய கண்ணும் சிவாஜியின் மேல்தான் இருக்கும். அவர் அப்படித்தான் இழுத்து வைத்திருக்கிறார். அடுத்த முறை பார்க்கும்போது லதாவாக வரும் சரோஜாதேவியைக் கவனியுங்கள். கடமை முடிந்த நிம்மதி கொஞ்சம்கூட அந்த முகத்தில் இல்லை. அதுவரை அவர் போட்ட வேடத்தில் எந்த இடத்தில் காதல் நிஜமாகிவிட்டது என்று தேடுவதற்காகவே அந்தப் படத்தை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

வணக்கம்.