தண்ணீருக்குள் நின்ற தைரியம்

அன்பு நண்பர்களே, வணக்கம். ஜெர்மனியின் ரேகன்ஸ்புர்க் நகரத்தில் டான்யூப் ஆற்றின் மேல் நிற்கிற கல்பாலத்தைப் பற்றி இன்று உங்களோடு பேச வந்திருக்கிறேன்.

1135-ல் அங்கே கோடை கடுமையாகக் காய்ந்தது. ஆறு வற்றியது. அந்தச் சமயம் பார்த்துத்தான் அடித்தளம் போட இறங்கினார்கள். 11 ஆண்டுகளில், 1146-ல், 16 வளைவுகளோடு பாலம் எழுந்துவிட்டது. நீளம் 300 மீட்டருக்கு மேல்!

மேலே தெரிகிற வளைவுகளைவிட, தண்ணீரை ஒட்டிய வேலைதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. டான்யூப் சாதுவான ஆறு இல்லை. வெள்ளம் தூணின் அடி மண்ணை அரித்துக்கொண்டு போகும், குளிர்காலத்தில் பனிப்பாளங்கள் வந்து மோதும். அதனால் ஒவ்வொரு தூணைச் சுற்றியும் ஒரு சிறு தீவையே கட்டினார்கள். தூண்கள் பிழைத்தன. ஆனால் ஆற்றின் வழி குறுகிப்போனதால் தண்ணீர் சீறிப் பாய்ந்து சுழலாயிற்று. படகுக்காரர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. இன்றைக்கும் பாலத்துக்குக் கீழே அந்தச் சுழல்களைப் பார்க்கலாம்.

சரி, ஊர்க்கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பேராலயம் கட்டியவரோடு பந்தயம் கட்டிய பாலச் சிற்பி, சாத்தானின் உதவியைக் கேட்டாராம். முதலில் பாலத்தைக் கடக்கும் மூன்று உயிர்கள்தான் கூலி. அவரோ ஒரு சேவலையும் கோழியையும் நாயையும் ஓட்டிவிட்டார். ஏமாந்த சாத்தான் கீழிருந்து முட்டியதில்தான் பாலத்தின் நடுவே மேடு விழுந்ததாம். இப்போதுள்ள பேராலயத்தின் வேலை தொடங்கியதோ பாலம் முடிந்து நூறு வருடத்துக்கும் அப்புறம். ஆனாலும் அந்தச் சிற்பியின் கெட்டிக்காரத்தனத்தை ஊர் மறக்கவில்லை பாருங்கள், அது எனக்குப் பிடித்திருக்கிறது.

கட்டி முடித்த மறுவருடமே, 1147-ல், இரண்டாம் சிலுவைப் போருக்குப் புறப்பட்ட பிரெஞ்சு மன்னர் ஏழாம் லூயியின் படை இதன் வழியாகத்தான் ஆற்றைக் கடந்தது. வணிகமும் இதை நம்பியே வளர்ந்தது. பாலத்தின் மேல் நின்ற மூன்று கோபுரங்களில் இரண்டு போய்விட்டன, தெற்குக் கோபுரம் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

இத்தனை வெள்ளத்தையும் தாங்கிய பாலத்தை 1945 ஏப்ரலில், போர் முடிய இரண்டு வாரம் இருக்கும்போது, ஜெர்மன் ராணுவமே ஒரு பகுதி வெடிவைத்துத் தகர்த்தது. நினைத்தால் மனம் ஆறவில்லை. முழுமையாகச் சீராக 1967 ஆயிற்று.

2006-ல் அந்தப் பழைய நகரம் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கார்களை 1997-லேயே நிறுத்தியிருந்தார்கள், 2008-ல் பேருந்துகளையும் நிறுத்தினார்கள். பிறகு 2010 முதல் 2018 வரை எட்டு வருடம் பொறுமையாகப் பழுது பார்த்தார்கள். இன்று அந்தக் கல்லின் மேல் மனிதர்கள் நடக்கிறார்கள், சைக்கிளில் போகிறார்கள்.