கவிதையின் வீடு வாய்தான்

நடுவர் அவர்களே, அவையில் இருப்பவர்களே, வணக்கம்.

‘அன்றாட வாழ்வில் கவிதை இனிப்பது கண்ணால் படிக்கும்போதா, வாய்விட்டுச் சொல்லும்போதா?’ இதுதான் தலைப்பு. கண் கட்சிக்குப் பேசிய நண்பர் பஸ்ஸைச் சாட்சிக்கு இழுத்து வந்தார். அரசுப் பேருந்தில் குறள் எழுதியிருக்கிறது, லண்டன் சுரங்க ரயிலில் 1986 முதல் கவிதை ஒட்டுகிறார்கள், பார்க்கிற கண் ரசிக்காதா என்று கேட்டார்.

தினமும் அந்தப் பஸ்ஸில் போகிறவரை இறங்குகிற இடத்தில் நிறுத்தி, உள்ளே எழுதியிருந்த குறளைச் சொல்லச் சொல்லுங்கள் ஐயா. முதல் சீர் வரும். அப்புறம், “அதாங்க… அந்த…” என்பார். பழகியதைக் கண் பார்ப்பதில்லை. ‘படியில் நின்று பயணம் செய்யாதீர்’ பலகைக்கு என்ன கதியோ, அதே கதிதான் குறளுக்கும்.

கண்ணை நம்பினால் இன்னொரு சிக்கலும் உண்டு. 127ஆம் குறளை அச்சில் பாருங்கள்:

யாகாவா ராயினும் நாகாக்க காவாக்கால்
சோகாப்பர் சொல்லிழுக்குப் பட்டு

‘யாகாவா’ ஒரு சீர், ‘ராயினும்’ ஒரு சீர். வெண்பா இலக்கணத்துக்காகச் சொல்லை நடுவில் வெட்டியிருக்கிறார்கள். வகையுளி என்று இதற்குப் பெயர். இடைவெளி விட்ட இடத்தில் எல்லாம் நிறுத்திப் படிக்கிற பிள்ளைக்கு, ‘ராயினும்’ யாரோ ஓர் ஆள் பெயர் மாதிரி கேட்கும்! பேச்சுப்போட்டியில் மூச்சுவிடாமல் ஒப்பிப்பதும், எங்கே நிறுத்துவது என்று தெரியாத இதே கோளாறுதான்.

சரி, எப்படிச் சொல்வது? முதலில் பதம் பிரித்து ஒரு தாளில் எழுதுங்கள்: ‘யா காவார் ஆயினும் நா காக்க, காவாக்கால், சோகாப்பர் சொல்இழுக்குப் பட்டு.’ எதைக் காக்காவிட்டாலும் நாக்கைக் காத்துக்கொள், இல்லாவிட்டால் சொல்குற்றத்தில் சிக்கித் துன்பப்படுவாய். இப்போது ‘நாகாக்க’ முடிந்ததும் ஒரு நிறுத்தம். அங்கே ஏன்? ‘நாகாக்க’வுக்கும் ‘காவாக்கால்’ என்பதற்கும் நடுவே ‘க்’ மிகவில்லை. ‘காக்க’ வியங்கோள் வினைமுற்று, அதாவது ‘காத்துக்கொள்’ என்று சொல்லி முடிகிற வினை; வாக்கியம் அங்கே முடிந்துவிட்டது. ‘கற்க கசடறக் கற்பவை’ என்பதிலும் அப்படியே: ‘கற்க’ என்றதும் நின்று, ‘கசடறக் கற்பவை’யை ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்ல வேண்டும். இந்த இரண்டு குறளிலும் ஒற்று இல்லாத இடமே மூச்சுக்கு அடையாளம். கண் இதைத் தாண்டி ஓடிவிடும். நாக்கு தடுக்கி நிற்கும்.

நிதானமாகச் சொன்னால் ஒரு குறளுக்குப் பத்து விநாடி. மூன்று தரம் சொன்னால் அரை நிமிடம். குக்கர் அடுத்த விசில் அடிப்பதற்குள் முடிந்துவிடும். நாளைக்கு ஒன்று என்று வைத்தால் 1330 குறளுக்கு ஏறக்குறைய 3 ஆண்டு 8 மாதம். அவசரமே இல்லை. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ரோஜாப்பூப் படத்துக்கு மேல் கவிதை எழுதிப் போடுவதற்குப் பதில், சொந்தக் குரலில் அரை நிமிட வாய்ஸ் மெசேஜ் போடுங்கள். பின்னணி இசை வேண்டாம், அது எதுகையை விழுங்கிவிடும்.

இது புதுசா என்றால், இல்லை. மார்கழிக்குத் திருப்பாவை 30 பாசுரம், நாளுக்கு ஒன்று. சிவன் கோயிலில் திருவெம்பாவை 20, திருப்பள்ளியெழுச்சி 10, அதுவும் 30. நாள்காட்டியோடு கவிதையைப் பிணைத்தது வாய்தான். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்கும் அதில் பங்கு இருந்தது.

“புதுக்கவிதையை என்ன செய்வீர்கள்?” என்று எதிரணி அம்மையார் கேட்டார். நல்ல கேள்வி. அங்கே வரி மடங்கும் இடம்தான் மூச்சு: வரி முடிவில் சின்னதாக ஒரு தயக்கம், வெற்றுவரி வந்தால் முழு மூச்சு. மேடைக்குரலில் முழங்கினால் அது செத்துவிடும். பக்கத்தில் இருப்பவரிடம் பேசுகிற குரல் போதும். ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். ரதபந்தம், நாகபந்தம் என்று படம் வரைந்து எழுத்தை அடைத்த சித்திரகவிகள் கண்ணுக்கே சொந்தம். அந்த வகைக்கு மதிப்பெண் அவர்களுக்கே போகட்டும்.

கடைசியாக 341ஆம் குறள். துறவு அதிகாரத்தின் முதல் குறள்:

யாதனின் யாதனின் நீங்கியான் நோதல்
அதனின் அதனின் இலன்

எதை எதை விட்டு விலகினானோ, அதனால் அதனால் அவனுக்குத் துன்பமில்லை. நூறு முறை கண்ணால் படித்தாலும் இவ்வளவுதான் கிடைக்கும். இப்போது எல்லோரும் மெல்லச் சொல்லிப் பாருங்கள். ப, ம, வ மூன்றும் இல்லை. ஒட்டாதே என்று சொல்லும் குறளில் மேலுதடும் கீழுதடும் ஒருமுறைகூட ஒட்டவில்லை.

நடுவர் அவர்களே, நீங்களும் சொல்லிப் பார்த்ததை நான் கவனித்துவிட்டேன். தீர்ப்பில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நன்றி, வணக்கம்.